பன்றி வளர்த்தால் கையில் என்ன மிஞ்சும்?

பெரட்டுக் களத்தில் நம்மை மறித்து அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ஐயா, பன்னி வளர்த்தா நல்ல காசாமே, நாங்களும் ரெண்டு வாங்கி விடட்டுமா?" ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. ஆகவே கணக்கையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் தீனி. பன்றி வளர்ப்பில் செலவாகும் 100 ரூபாவில் அறுபது, எழுபது ரூபா தீனிக்கே போய்விடும். பால் மறந்த குட்டியை 15 கிலோவில் வாங்கி 90 கிலோவில் விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற வேண்டியது 75 கிலோ. உடம்பில் ஒரு கிலோ ஏறுவதற்கு, நல்ல தீனியாக இருந்தாலும், ஏறக்குறைய மூன்றரைக் கிலோ வேண்டும். அப்படியென்றால் ஒரு பன்றிக்கு 260 கிலோவுக்கு மேல், அதாவது 50 கிலோ மூட்டையில் ஐந்தேகால் மூட்டை. கடையில் ஒரு கிலோ தீனி விற்கிற விலையை மூன்றரையால் பெருக்கிப் பாருங்கள். உயிர்ப் பன்றிக்கு வியாபாரி கிலோவுக்குத் தருகிற விலையை அந்தத் தொகை நெருங்கி விட்டால், குட்டி வாங்கிய காசும் உங்கள் உழைப்பும் வீண்தான்.

அப்போ மற்றவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? நம் நாட்டில் பன்றிப் பண்ணைகள் அதிகம் இருப்பது நீர்கொழும்பு, ஜா-எல, வென்னப்புவ பக்கத்துக் கரையோரத்தில். ஓட்டல் மிச்சமும் புண்ணாக்கும் அங்கே கிட்டக் கிடைக்கும், வாங்குகிறவரும் பக்கத்திலேயே இருப்பார். மலையில் நமக்குக் கிடைப்பது கோவா இலை, லீக்ஸ், கரட் கழிவு, வத்தாளைக் கொடி. இதெல்லாம் வயிற்றை நிரப்பும், உடம்பை ஏற்றாது. தவிடும் புண்ணாக்கும் சேர்க்கத்தான் வேண்டும். பாதிக்குப் பாதி கொடுத்தால் செலவு குறையும். ஆனால் ஆறு மாதத்தில் ஏறுகிற எடைக்கு எட்டு ஒன்பது மாதம் ஆகும். தீபாவளிக்குக் காசு வேண்டும் என்று நினைப்பவர்கள் அதற்கு ஏற்ற மாதிரி முந்தியே குட்டி வாங்கவேண்டும்.

தாய்ப்பன்றி வளர்க்கலாமே என்பார்கள். சினைக்காலம் 114 நாள், எட்டுப் பத்துக் குட்டி போடும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குட்டிகளுக்கு மூன்றாம் நாளளவில் இரும்புச்சத்து ஊசி போடவேண்டும், தாய் மேலே படுத்து நசுக்காமல் இராத்திரியில் பார்க்கவேண்டும். குட்டி போடாத மாதத்திலும் தாய் சாப்பிடத்தான் செய்யும். விடியற்காலை மலைக்குப் போகிற வீட்டில் இதை யார் பார்ப்பது? முதல் தடவை இரண்டு குட்டி வாங்கி வளர்த்து விற்பதே போதும்.

இனி, நாம் மறைக்க விரும்பாத ஒரு சம்பவம். நமது டிவிஷன் ஒன்றில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து ஆறு குட்டிகள் வாங்கியது. நாமும்தான் உற்சாகப்படுத்தினோம். 2024 அக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதியானது. அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குள் ஆறும் செத்துப்போயின. அந்த அக்கா அடகுச் சீட்டைக் கொண்டுவந்து நம் மேசையில் வைத்தபோது சொல்ல வார்த்தை இல்லை. இரண்டுக்கு மேல் வேண்டாம், கடனில் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை.

இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் குணமாக்க மருந்து இல்லை. கிருமி இறைச்சியில், குளிரூட்டியில் வைத்த இறைச்சியிலும்கூட, மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சப்பாத்தில், வாகனச் சில்லில் ஒட்டிக்கொண்டும் வரும். ஆகவே பன்றி இறைச்சி கலந்த மிச்சச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். மற்ற மிச்சத்தையும் கிளறிக் கிளறி ஒரு மணி நேரமாவது கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். வியாபாரியைக் கூட்டுக்குள் விடாதீர்கள். பன்றி செத்தால் ஆற்றில் எறியாமல், அறுத்து விற்காமல், உடனே மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

கூடு எங்கே என்பதும் சின்ன விஷயமல்ல. 1980களில் மகாவலி 'எச்' வலயத்தில் வயல்காரருக்கு உபதொழிலாகப் பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது; அந்தப் பகுதிகளில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவி ஆட்கள் இறந்தார்கள். பன்றியின் இரத்தத்தில் பெருகும் கிருமியை வயல் தண்ணீரில் பெருகும் நுளம்பு கொண்டுபோய் மனிதரைக் கடித்தது. மலையில் வயல் குறைவு, ஆனால் கட்டி நிற்கிற கழிவுநீரில் நுளம்பு வராது என்று யாரும் சொல்லமுடியாது. லயத்தோடு ஒட்டி, பீலிக்கு மேலே, பிள்ளை மடுவத்துக்கும் கோயிலுக்கும் கிட்டக் கூடு வேண்டாம். பன்றி ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி, சீமெந்துத் தரை, கழிவுக்குக் குழி. அந்த உரம் மரக்கறிப் பாத்திக்குப் போனால் அதையும் வரவில் எழுதலாம்.

கூடு கட்டுமுன் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பி.எச்.ஐ. ஐயாவையும் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். பக்கத்துக் காம்பராக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது, நாற்றம் முதலில் போவது அவர் வீட்டுக்குத்தான். தீனி, குட்டி, மருந்து, விற்பனை எல்லாம் எழுத கோடு போட்ட கொப்பி நமது அலுவலகத்தில் இருக்கிறது. சனிக்கிழமை வேலை முடிந்து வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.