ஐந்தும் இருபதும்

எனக்கு நார்வே மொழி சொல்லித் தரும் வாத்தியார்கள் இருவர். ஒருவர் புத்தகம், மற்றவர் கைப்பேசிச் செயலி. இருபத்தைந்து என்ற எண்ணிலேயே இருவருக்கும் தகராறு வந்துவிட்டது. புத்தகம் 'ஃபெம் ஓ டீவெ' என்கிறது. அப்படியே பிரித்தால் ஐந்தும் இருபதும். செயலியோ நம்மைப் போல இருபதை முதலில் வைத்து 'ஷ்யூஎஃபெம்' என்கிறது. யார் சொல்வது சரி என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

இரண்டுமே சரிதான். 1951 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்னால் புத்தகம் சரி, அதற்குப் பின்னால் செயலி சரி. தொலைபேசித் துறை கேட்டுக்கொண்டதால், நார்வே நாடாளுமன்றம் எண்களைச் சொல்லும் முறையையே மாற்றிவிட்டது. எண்ணைக் காதால் கேட்டு இணைப்புக் கொடுத்த காலத்தில் ஒற்றை இலக்கம் முன்னால் வந்தால் குழப்பம்தானே. பள்ளியும் வானொலியும் புது முறைக்கு மாறின. வீட்டுத் தாத்தாக்களின் நாக்கு மாறவில்லை. இன்றும் ஒரே ஆள் பேருந்து எண்ணைப் புது முறையிலும் தன் வயதைப் பழைய முறையிலும் சொல்வது உண்டாம். 1978க்கு முன் அச்சான தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, துதிக்கை தூக்கிய பழைய 'லை'யைப் பார்த்து விழிக்கும் பிள்ளையைப் போல நானும் விழித்திருக்கிறேன்.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த அந்தப் புத்தகம் 'டீச் யுவர்செல்ஃப்' வரிசையைச் சேர்ந்தது. மஞ்சளும் நீலமுமாக மேலுறை போட்டு வந்த அந்த வரிசை, ஆசிரியர் இல்லாமல் எதையும் கற்கலாம் என்று ஆசை காட்டிய தலைமுறையின் சொத்து. நார்வே மொழிக்கான நூல் முதலில் வெளிவந்த ஆண்டு 1943. அந்த ஆண்டைப் பார்த்ததும் சற்று நின்றேன். அப்போது நார்வே ஹிட்லரின் பிடியில் இருந்தது. 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. ஜூன் மாதம் அரசர் ஏழாம் ஹோகோனும் அமைச்சர்களும் லண்டனுக்குக் கப்பலேறினார்கள். நூலை எழுதிய இருவரில் ஒருவர் ஆல்ஃப் சொம்மெர்ஃபெல்ட். ஓஸ்லோப் பல்கலைக்கழக மொழியியலாளர், ஐரிஷ் முதலான கெல்ட்டிக் மொழிகளில் ஆழ்ந்தவர். போர்க்காலத்தில் அவரும் லண்டனில், நாடுகடந்த அரசின் பணியில் இருந்தார். மற்றவர் இங்வால்ட் மார்ம். சொந்த மண்ணில் வேற்று ராணுவம் உலாத்திக்கொண்டிருக்கும்போது, அந்நிய ஊரில் உட்கார்ந்து தன் தாய்மொழியின் வினைத் திரிபுகளை அட்டவணை போடுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பார்க்கிறேன். நூலில் அந்த ஏக்கத்துக்கு இடமில்லை. இலக்கணம் மட்டும்தான்.

அந்த நூலை நம்பி இன்று ஓஸ்லோவில் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். மரியாதைக்கு 'டீ', நெருக்கத்துக்கு 'டூ' என்று நம் நீங்களும் நீயும் போல இரண்டை அது கற்றுத் தருகிறது. 1970களுக்குப் பின் 'டீ' ஏறக்குறைய செத்துவிட்டது. அமைச்சரும் பேராசிரியரும் மாமனாரும் எல்லாருமே 'டூ'தான். அரசர் குடும்பத்துக்கு மட்டும் விலக்கு. தமிழ் நாக்குக்கு இதைவிடக் கடினமான பாடம் எதுவும் இல்லை. எழுபது வயதுக்காரரை 'நீ' என்று கூப்பிடுவதாக மனசு ஒவ்வொரு முறையும் கூசும்.

மற்றபடி மொழி அவ்வளவு பயமுறுத்தாது. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் வினைச்சொல் ஒன்றே. 'அந்தப் புத்தகம்' என்பதில் வரும் 'அந்த'வை முன்னால் வைக்காமல் சொல்லின் வாலில் ஒட்டுகிறார்கள். 'புக்' என்றால் ஒரு புத்தகம், 'புக்கா' என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகம். வேற்றுமை உருபை வாலில் ஒட்டிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? எழுத்து வழக்கும் நமக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் தலைகீழாக. புக்மோல், நீநொர்ஷ்க் என்று அரசு ஏற்ற எழுத்து வடிவம் இரண்டு. பேசுவதற்கு மட்டும் பொதுவடிவம் கிடையாது; நாடாளுமன்றத்தில்கூட அவரவர் ஊர்ப்பேச்சு. மதுரைக்காரர் மேடை ஏறியதும் செந்தமிழுக்குத் தாவுவாரே, அந்தத் தாவல் அங்கே இல்லை.

குரல்தான் சிக்கல். உழவர்கள் என்பதற்கும் அவரைக்கொட்டைகள் என்பதற்கும் காதில் விழும் ஒலிகள் ஒன்றே, 'பொன்னெர்'. குரல் ஏறி இறங்கும் விதம் மட்டும் வேறு. இரண்டாவது ராகத்துக்கு 'பிரார்த்தனைகள்' என்றும் பொருள் உண்டு. இதை அச்சில் எத்தனை பக்கம் விளக்கினாலும் செவி திறக்காது. 1943இல் தனியாகப் படித்தவருக்குப் புத்தகம் ஊமை வாத்தியார்தான். வேடிக்கை என்னவென்றால், அப்போது நார்வேக்காரர்களுக்கே தங்கள் மொழியைத் தடையின்றிக் கேட்க வழியில்லை. 1941இல் ஜெர்மானியர்கள் வானொலிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். லண்டனிலிருந்து பிபிசி ஒலிபரப்பிய நார்வே மொழிச் செய்தியை, பரணிலும் விறகுக் கொட்டகையிலும் ஒளித்த பெட்டிகளில்தான் கேட்டார்கள், பிடிபட்டால் சிறை. நான் இன்று பாத்திரம் கழுவிக்கொண்டே கைப்பேசியில் நார்வே அரசு வானொலியைக் கேட்கிறேன். டுவோலிங்கோவில் 2015 முதல் நார்வே மொழி இருக்கிறது. எளிய மொழியில் செய்தி தரும் 'கிளார் தாலெ' என்ற வார இதழ் உண்டு. ஒரு பல்கலைக்கழகம் முழுப் பாடத்தையும் இலவசமாகவே வைத்திருக்கிறது.

இவ்வளவும் கையில் இருக்கையில், கற்கும் அவசியம் போய்விட்டது என்பதுதான் முரண். தட்டுத் தடுமாறி ஒரு வாக்கியம் சொல்வதற்குள் எதிரில் இருப்பவர் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்லி முடித்துவிடுவார். அப்படியானால் எதற்காகப் படிப்பது? எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பதில், அங்கே பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் என்பது. ஆறு மாதம் படித்தவனுக்கு எட்டும் இலக்கியம் பத்து வயதுப் பிள்ளையின் கதைப் புத்தகம்தான்.

ஆக்கிரமிப்புக் கால நார்வேயை ஆங்கிலம் வழியாக அறிந்தவர்களில் பலருக்கு முதல் வாசல் 'ஸ்னோ டிரெஷர்'. பிட்ஸ்பர்கில் வாழ்ந்த மேரி மெக்ஸ்விகன் எழுதி 1942இல், போர் நடக்கும்போதே வெளிவந்தது. சிறுவன் பீட்டரும் கூட்டாளிகளும் தங்கக் கட்டிகளைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து, அதன்மேல் குப்புறப் படுத்து, ஜெர்மன் காவலர்களின் மூக்குக்குக் கீழேயே சறுக்கிப் போவார்கள். கீழே தங்கத்தைப் புதைத்து, அடையாளத்துக்கு மேலே பனிமனிதனைக் கட்டிவிட்டு வீடு திரும்புவார்கள். என்ன அருமையான கற்பனை! விளையாட்டே போர்த் தந்திரம் ஆகிறது. ஊரில் காட்டிக்கொடுப்பவன் ஒருவனும் இல்லை. ஊர் முழுக்க ஒரே மனசு.

1940 ஜூனில் 'பொம்மா' என்ற நார்வேச் சரக்குக் கப்பல் தங்கத்தோடு அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்துக்கு வந்த செய்திதான் கதைக்கு வித்து. தங்கம் நிஜம். சிறுவர்கள் சறுக்கிக் கொண்டுபோனதற்குச் சான்று கிடையாது. நார்வே வங்கியின் சுமார் 50 டன் தங்கம் படையெடுப்பு நாளன்று ஓஸ்லோவிலிருந்து லாரிகளில் லில்லெஹாமருக்குக் கிளம்பியது. அங்கிருந்து ரயில், பிறகு மேற்குக் கடற்கரை, மீன்பிடிப் படகுகள், பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். சுமந்தவர்கள் படைவீரர்கள், மீனவர்கள், நூர்தால் கிரீக் என்ற கவிஞர். குழந்தைகள் இல்லாமலேயே நல்ல கதைதான்! நார்வே மொழி படித்தபின் 'ஸ்னோ டிரெஷர்' கதையில் எனக்கு இடறியது வேறொன்று, அந்த ஊரின் பெயர். ரிஸ்விக் என்பதன் எழுத்துக்கூட்டல் நார்வே வழக்கில் இல்லை. டச்சுச் சாயல் அடிக்கிறது. கதை தூரத்திலிருந்து எழுதப்பட்டது என்பதை அந்த எழுத்துக்கூட்டல் காட்டிக்கொடுக்கிறது. அதற்காக மெக்ஸ்விகன் மேல் எனக்குக் கோபமில்லை. 1942இல் அமெரிக்கப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது, தங்கம் தப்பியது என்ற செய்தி.

சொம்மெர்ஃபெல்டுக்கு மறுபடி வருகிறேன். பாடநூல் எழுதிய ஆல்ஃபின் மனைவி எமே சொம்மெர்ஃபெல்ட், நார்வேயில் பெயர் பெற்ற குழந்தை எழுத்தாளர். இந்தியச் சிறுவன் லாலு, பார்வை மங்கிவரும் தங்கை மாயாவை மருத்துவம் பார்க்க ஆக்ராவுக்கு நடத்தியே கூட்டிப்போகும் 'ஆக்ராவுக்குப் போகும் பாதை' (1959) அவர் எழுதியது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு 'மிரியம்' எழுதினார். ஆக்கிரமிப்பில் இருந்த ஓஸ்லோவில் ஒரு யூதச் சிறுமி, அவளுடைய நார்வேத் தோழி. ஒரே வீட்டில் கணவர் வெளியாருக்கு மொழியைச் சொல்லிக்கொடுத்தார். மனைவி உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொன்னார். இந்த உறவை ஒரு குறிப்பில் கண்ட நாளில், ஊமை வாத்தியாரின் வீட்டுக்குள்ளேயே போய்வந்தது போல இருந்தது.

1950இல் யூதச் சிறுமியை நடுவில் வைத்துக் குழந்தைக் கதை எழுதியது சாதாரணமல்ல. போருக்குப் பின் நார்வே தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை வேறு: காட்டுக்குள் ஒளிந்து போராடிய இளைஞர்கள், சட்டை மடிப்பில் ஒற்றுமைச் சின்னமாகக் காகிதக் கவ்வி, தடை செய்யப்பட்ட சிவப்புத் தொப்பி. நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர மறுத்து 1942இல் கைதான ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பல நூறு பேரைத் துருவ ஓரத்துக் கிர்க்கெனெஸ் ஊருக்கு அனுப்பிக் கட்டாய வேலை வாங்கினார்கள். இவை எல்லாமே உண்மை. இவற்றோடு மொழிக்குள் புதுச் சொற்களும் வந்தன. கைப்பாவை ஆட்சி நடத்திய குவிஸ்லிங்கின் பெயர் உலக மொழிகளிலேயே துரோகிக்குப் பெயராகிவிட்டது. அதற்கு எதிர்ச்சொல் 'யொஸ்ஸிங்', நாட்டுப்பற்றாளர். நாஜிகள் வசையாக வீசியதை நார்வேக்காரர்கள் பட்டமாக அணிந்துகொண்டார்கள்.

கதைக்கு வெளியே நின்றவர்கள் இருந்தார்கள். ஜெர்மன் வீரர்களுக்குப் பிறந்த 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமைதிக் காலத்தில்தான் அதிகம் அடிபட்டார்கள்; அவர்களுடைய தாய்மாரிடம் நாடு மன்னிப்புக் கேட்டது 2018இல். யூதர்கள் விஷயம் இன்னும் கசப்பு. போருக்கு முன் அங்கே இருந்தவர்கள் சுமார் 2,100 பேர். 773 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். 40 பேர்கூட உயிரோடு மீளவில்லை. 1942 நவம்பர் 26 அன்று 'டோனாவ்' கப்பலில் ஏற்ற வீடுவீடாகப் போய் அழைத்து வந்தவர்கள் நார்வேப் போலீஸ்காரர்கள். வண்டிகளில் ஓஸ்லோ டாக்சிகளும் உண்டு.

2012 ஜனவரி 27 அன்று பிரதமர் யென்ஸ் ஸ்டொல்டென்பெர்க் இதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மாயா லுந்தெவின் 'ஓவர் கிரென்சென்' (எல்லையைக் கடந்து) என்ற குழந்தை நாவல் வந்ததும் அதே ஆண்டு. ஆண்டு ஒத்துப்போனது தற்செயலாகவே இருக்கலாம். 1942இல் நடக்கும் கதை. பத்து வயது கெர்தா 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' கதையில் மயங்கி வாள் சுழற்றும் பெண். வீட்டு நிலவறையில் பெற்றோர் ஒளித்து வைத்திருந்த யூதப் பிள்ளைகள் சாராவையும் டேனியலையும், பெற்றோர் கைதானதும், அண்ணன் ஓட்டோவுடன் சேர்ந்து சுவீடன் எல்லைக்குக் கூட்டிப்போகிறாள். பனியும் இருக்கிறது, துணிச்சலும் இருக்கிறது, மெக்ஸ்விகனின் சரக்குதான். காப்பாற்ற வேண்டியது மட்டும் இப்போது தங்கம் அல்ல, இரண்டு பிள்ளைகள். ஆனால் ஜெர்மன் சீருடையைக் கண்டு பயந்தால் மட்டும் போதாது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் மொழி பேசுகிறார் என்பதால் அவர் நம்மவர் ஆகிவிடுவாரா? யாரிடம் வாயைத் திறப்பது என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் கவலை.

அகராதியோடு உட்கார்ந்து படித்தேன், நாளைக்கு நான்கு பக்கம். செயலி எனக்குக் கற்றுத் தந்தவை கடை, காபி, வானிலை. இந்த நாவல் ஒளிதல், கிசுகிசுத்தல், நிலவறை, எல்லை என்று வேறொரு சொற்பட்டியலைத் தந்தது. 'நாபோ' என்றால் அண்டை வீட்டுக்காரர் என்று பாடத்தில் சிரித்த முகத்தோடு படித்திருந்தேன். கதை படிக்கும்போது அந்தச் சொல் வரும் வரிகளில் என் கண் தானாகவே மெதுவாக நகர்ந்தது.

ஓஸ்லோவில் சில வீடுகளின் முன்னால், நடைபாதையில் உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடு பதித்த கற்கள் இருக்கின்றன. 2010 முதல் பதிக்கிறார்கள். அவற்றைப் படிக்க அதிக மொழியறிவு வேண்டியதில்லை. 'ஹேர் புட்டெ' என்று தொடங்கும், 'இங்கே வாழ்ந்தார்'. பிறகு ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கடத்தப்பட்ட ஆண்டு, ஆஷ்விட்ஸ். 'பூ' என்றால் வசி, இறந்தகாலம் 'புட்டெ'. என் மஞ்சள் புத்தகத்தின் வினைச்சொல் பட்டியலிலும் அது இருக்கிறது, மற்ற வினைகளோடு வரிசையில்.