ஏற்காட்டுப் பல்லியின் வம்சாவளி

ஏற்காடு, வெள்ளக்கடை முதலிய ஊர்கள் இருக்கும் சேர்வராயன் மலைக்கே உரிய சிறு பல்லி ஒன்று உண்டு. வால் நீங்கலாக உடல் ஏறத்தாழ 4 செ.மீ.தான். ஒல்லி உடம்பு, குட்டைக் கால், இரவு நடமாட்டம். சென்னை மாகாண வனத்துறை அதிகாரியான பெடோம் 1870இல் இதை விவரித்து எழுதினார். இன்று இதன் அறிவியல் பெயர் ஹெமிஃபில்லோடாக்டைலஸ் ஆரன்டியாகஸ்.

அதன்பின் தென்னிந்தியாவின் வேறு மலைகளிலும் இதே சாயலில் பல்லிகள் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரே இனமாகவே கணக்கில் வைத்தார்கள். பார்வைக்கு அவ்வளவு ஒற்றுமை.

இதைச் சோதிக்க இஷான் அகர்வாலும் சக ஆய்வாளர்களும் மரபணுவைக் கையில் எடுத்தார்கள். துளித் தசையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிப்பது இம்முறை. அவர்கள் படித்தது என்.டி.2 என்ற மரபணு. சுமார் 1,000 எழுத்து நீளம். ஓலைச்சுவடியைப் படியெடுக்கும்போது நுழையும் பிழைபோல, தலைமுறைதோறும் இதில் சிறு மாற்றங்கள் சேர்கின்றன. பிரிந்து வெகுகாலமான இரு கூட்டங்களுக்கிடையே வேறுபாடும் அதிகம். ஆனால் இம்மரபணு தாய்வழியாக மட்டுமே வருவது. அதனால் செதில், தொடைத் துளை போன்ற உடல் அடையாளங்களையும் எண்ணி ஒப்பிட்டார்கள்.

2019இல் முடிவு வெளியானது. ஒன்று என நினைத்த இடத்தில் ஏறத்தாழ ஒரு டஜன் இனங்கள்! நாமக்கல் மாவட்டக் கொல்லிமலைப் பல்லி 'கொல்லியென்சிஸ்' ஆனது. பெங்களூர்ப் பல்லிக்கு 'ஞானா' என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே தமிழ்நாட்டிலிருந்து மேலும் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன.

இத்தனை இனங்கள் பிரிந்ததற்குக் காரணம் நில அமைப்பு. குளிர்ந்த, ஈரப்பதமுள்ள மலைகளில் வாழும் இப்பல்லிகளுக்கு இடையிலுள்ள வறண்ட, வெப்பமான சமவெளி தாண்ட முடியாத தடை. பல பத்து லட்சம் ஆண்டுகளாகக் கலப்பின்றித் தனித்தனியே வாழ்ந்ததில், உருவம் அதிகம் மாறாமலே மரபணு விலகிப் போனது.

இதனால் பாதுகாப்புக் கணக்கும் மாறுகிறது. பல மலைகளில் பரவிய ஒரே இனம் என்றால் ஒரு மலையில் அழிந்தாலும் மிச்சம் இருக்கும். மலைக்கொரு இனம் என்றால் அந்த ஆறுதல் கிடையாது. சேர்வராயனில் மறையும் பல்லியைக் கொல்லிமலை ஈடுசெய்யாது. ஆகவே சுரங்கத்துக்கோ விடுதிக்கோ மலைச்சரிவை ஒதுக்கும் முன், அங்குள்ள சிற்றுயிர்களையும் கணக்கெடுக்க வேண்டும்.