ரக்கைன் கரையில் அயலவர்களின் கணக்கு

2024 டிசெம்பர் 19ஆம் திகதி, நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களுடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. மியன்மாரைச் சுற்றி இத்தனை பெரிய நாடுகள் இருந்தும் ஒன்றுகூட இதைத் தடுக்காதா என்று அப்போது பலரும் ஆதங்கப்பட்டார்கள். வரைபடத்தை விரித்தால் விடை கிடைக்கும்.

ரோஹிங்கியாக்களின் தாயகமான ரக்கைன் மாநிலத்தின் கியாக்பியூவிலிருந்து சீனாவின் யுனான் வரை எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் ஓடுகின்றன. மலாக்கா நீரிணையைச் சுற்றாமல் எண்ணெய் கொண்டுபோக சீனாவுக்கு அந்த வழி வேண்டும். அதே கரையில் இந்தியா சித்வே துறைமுகத்தைக் கட்டியது. அங்கிருந்து கலடான் ஆற்றில் பலெத்வா வரை சென்று, பின் வீதிவழியே மிசோரமை அடைவது அதன் திட்டம். 2023 மே மாதம் கொல்கத்தாவிலிருந்து முதல் கப்பலும் வந்தது.

துறைமுகத்தில் போட்டியாளர்கள், ஐ.நாவிலோ ஒரே பக்கம். வன்முறையை நிறுத்தி, ஆங் சான் சூகி உள்ளிட்ட கைதிகளை விடுவிக்கக் கோரி 2022 டிசெம்பரில் பாதுகாப்புச் சபையில் வந்த தீர்மானத்தை 12 நாடுகள் ஆதரித்தன. வாக்களிக்காமல் ஒதுங்கியவை சீனா, ரஷ்யா, இந்தியா. இரண்டே வருடங்களுக்கு முன் கல்வானில் மோதிக்கொண்ட இரு நாடுகள் இவை! மியன்மார் சிதறக்கூடாது, மேற்கு நாடுகள் உள்ளே வரக்கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

பங்களாதேஷின் நிலைமை வேறு. கொக்ஸ் பசாரில் சுமார் பத்து இலட்சம் அகதிகளை வைத்திருக்கும் அதற்கு, அவர்கள் ஊர் திரும்புவதே முதல் தேவை. மற்ற இருவருக்கும் அது அவசரமில்லை.

இதற்கிடையில் களமே மாறிவிட்டது. 2024 ஜனவரியில் பலெத்வாவையும் டிசெம்பரில் மங்டோவையும் அரக்கான் இராணுவம் கைப்பற்றியது. பங்களாதேஷ் எல்லை முழுவதும் இப்போது அதன் கையில். சித்வேயும் கியாக்பியூவும் அரச படையிடம். எனவே அயலவர்கள் இரு தரப்புடனும் பேசுகிறார்கள். பேச்சில் குழாயும் பாதையும் முதலில் வருகின்றன. 2017இல் ரோஹிங்கியாக்களை விரட்டிய அதே படை 2024இல் அவர்களின் இளைஞர்களைக் கட்டாயமாகச் சேர்த்தது. புத்திடாங்கில் அவர்களின் வீடுகளை எரித்ததாக அரக்கான் இராணுவத்தின் மீதும் குற்றச்சாட்டு உண்டு.

முள்ளிவாய்க்காலில் வந்திறங்கியவர்களைத் திருப்பியனுப்புவது பற்றி இங்கேயும் பேச்சு எழுந்தது. மங்டோவில் அவர்களை யாரிடம் ஒப்படைப்பதாம்?