நாலு சதுரத்தில் ஓர் ஊரின் விளைச்சல்

லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல். கம்பம் பள்ளத்தாக்கின் சோறு அது. அத்தனை வயலையும் அறுத்து எடை போட்டா விளைச்சலைச் சொல்ல முடியும்? அதற்குத்தான் பயிர் அறுவடைப் பரிசோதனை.

எந்த சர்வே எண்ணில் அறுப்பது என்பதைக் குலுக்கல்போல சமவாய்ப்பு எண்பட்டியல்தான் முடிவு செய்யும். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பதும் அப்படியே. இல்லாவிட்டால் நன்றாக விளைந்த பக்கமே கால் போகும். அங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, நாலு முளைக்குச்சி அடிப்பார்கள். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே 7.07 மீட்டர் வந்தால்தான் சதுரம் சரி. உள்ளே நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, தராசில் வைப்பார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல் போன்ற முக்கியப் பயிருக்கு ஊராட்சி அளவில் இப்படிக் குறைந்தது 4 சதுரம். அவற்றின் சராசரி, முன்பே குறித்த உத்தரவாத விளைச்சலுக்குக் கீழே போனால், விளைச்சல் குறைவுக்கான இழப்பீடு.

நாலு போதுமா? கணக்குக்காக ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். உத்தரவாதம் சதுரத்துக்கு 12 கிலோ. புகையான் பூச்சி தாக்கி, ஊரின் உண்மைச் சராசரி 11 கிலோவாக இறங்கிவிட்டது. வயலுக்கு வயல் உள்ள ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 3 கிலோ. சராசரி எடுத்தால் அந்த ஆட்டம் அடங்கும். சதுரங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, திட்ட விலக்கத்தை அதால் வகுக்க வேண்டும். நாலுக்கு வர்க்கமூலம் 2. ஆக, சராசரியின் திட்டப் பிழை 1.5 கிலோ. 12-க்கும் 11-க்கும் இடைவெளி 1 கிலோ, அதை 1.5-ஆல் வகுத்தால் 0.67. இதுதான் இசட் மதிப்பு. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்த்தால், நாலு சதுரத்தின் சராசரி 12-ஐத் தாண்டிவிட 25 சதவீத வாய்ப்பு. நட்டப்பட்ட ஊர், நாலில் ஒரு வாய்ப்பில், பணம் வராமல் நிற்கும்!

16 சதுரம் அறுத்தால் இசட் 1.33, ஆபத்து 9 சதவீதம். 36 அறுத்தால் இசட் 2; ஆபத்து 2 சதவீதம்தான். பிழையைப் பாதியாக்க வேலை நாலு மடங்காகும், உண்மை. அறுவடை எந்திரம் வரப்போரம் காத்திருக்கும் நாளில் அத்தனை ஆளுக்கு எங்கே போவது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனாலும் ஒரு போக உழைப்பு இதில் அடங்கியிருப்பதால், நாலோடு நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹப்பேக் என்ற அதிகாரி 1920-களில் பீகார், ஒரிசா நெல் வயல்களில், குலுக்கல்போல இடம் தேர்ந்து அறுத்துப் பார்க்கும் இந்த வழியைச் சோதித்தார். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அதை வளர்த்தெடுத்தார். இருவரும் பிடிவாதமாக நின்றது ஒரே இடத்தில்: வயலை மனிதக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது. தார்ச்சாலையோர வயலாகவே பார்த்து அறுத்தால் 36 சதுரத்துக்கும் இந்த இசட் கணக்கு பொருந்தாது. எண் கடைமடையைக் காட்டினால், சேறு மிதித்து அங்கே போய்த்தான் முளைக்குச்சி அடிக்க வேண்டும்.