டியூபில் அச்சிடப்படாத எண்

தம்பதியர் உடலுறவுக்குத் துணையாக வாங்கும் பொருட்களில் அதிகம் புழங்குவது மசகு ஜெல். மருந்துக்கடையில் ஆணுறைக்குப் பக்கத்துத் தட்டிலேயே இருக்கும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்ணுறுப்பில் ஈரம் குறையும். மூக்கடைப்புக்கும் ஒவ்வாமைக்கும் விழுங்கும் சில மாத்திரைகளும் அதையே செய்யும். மனைவிக்கு ஆசை போய்விட்டது என்று கணவர் முடிவுகட்டும் பல வீடுகளில், உண்மையில் குறைந்திருப்பது இந்த ஈரம்தான். ஜெல் அந்தக் குறையை அப்போதைக்கு ஈடுகட்டுகிறது, உரசலைக் குறைக்கிறது, ஆணுறை கிழியும் வாய்ப்பையும் குறைக்கிறது. சிக்கல் எந்த ஜெல் என்பதில் இருக்கிறது.

டியூபின் மேல் ‘நீர் சார்ந்தது’, ‘இயற்கையானது’, ‘பிஎச் சமநிலை கொண்டது’ என்று எழுதியிருக்கும். ‘நீர் சார்ந்தது’ என்றால் எண்ணெய் இல்லை, கழுவினால் போய்விடும், அவ்வளவுதான். நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. ‘இயற்கையானது’ என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. ‘பிஎச் சமநிலை’ எந்த உறுப்புக்கு என்று சொன்னால்தான் பயன்படும்: குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணின் யோனி 3.8 முதல் 4.5 வரை அமிலத்தன்மை கொண்டது, மலக்குடல் ஏறக்குறைய நடுநிலையானது. ஒரே டியூப் இரண்டுக்கும் சமநிலையாக இருக்க முடியாது.

இவற்றைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அது பெரும்பாலான டியூப்களில் இருப்பதே இல்லை. நீரில் எவ்வளவு துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதைக் காட்டும் ஆஸ்மொலாலிட்டி என்ற அளவு அது. மனித ரத்தத்தில் ஒரு கிலோ நீருக்கு ஏறக்குறைய 290 மில்லி ஆஸ்மோல். யோனியின் இயல்பான கசிவும் அதை ஒட்டியே இருக்கும். ஜெல் சீக்கிரம் உலராமல் வழுவழுப்பாக இருக்க, தயாரிப்பாளர்கள் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைகாலும் சேர்க்கிறார்கள். இரண்டும் நீரைப் பிடித்துவைப்பவை. அளவு கூடினால் செறிவு ஆயிரக்கணக்கில் ஏறிவிடும்.

அப்போது நடப்பது பள்ளிப் பாடத்தில் வந்த சவ்வூடு பரவல்தான். உப்பில் புரட்டிய மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதைப் போல, செறிவு மிகுந்த ஜெல் படும் இடத்தில் மேல்தோல் செல்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது. செல்கள் சுருங்கி, அடுக்கிலிருந்து கழன்று உதிரும். யோனிக்குப் பல அடுக்குச் செல்கள் உண்டு, ஓரளவு தாங்கும். மலக்குடலின் உட்பரப்பில் இருப்பது ஒற்றை அடுக்கு. ஈரம் கூட்டுவதற்காகப் பூசிய பொருள் ஈரத்தை உறிஞ்சுகிறது. அதிலும், இழுக்கப்பட்ட நீர் வெளியே வந்து நிற்பதால் முதலில் வழுவழுப்பு நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். எரிச்சல் பிறகுதான் தெரியும். ‘சூடேற்றும்’ ஜெல், பழ வாசனை ஜெல் போன்றவற்றில் இந்தச் சேர்மங்கள் பெரும்பாலும் தாராளம்.

உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பில், இந்த அளவு 380ஐத் தாண்டக் கூடாது என்றது. அதே மூச்சில், இப்போதைக்கு 1,200 வரை ஏற்கலாம் என்றும் சொன்னது. காரணம், கடைகளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை 380க்கு அருகில்கூட வரவில்லை. 380 உடலைப் பார்த்து வைத்த எண், 1,200 சந்தையைப் பார்த்து வைத்த எண். ‘உலக சுகாதார நிறுவன வரம்புக்குள்’ என்று ஒரு நிறுவனம் விளம்பரப்படுத்தினால், எந்த வரம்பு என்று கேட்பது நியாயம். ஆய்வகத்தில் திசுக்களில் தெளிவாகத் தெரியும் இந்தச் சேதம் மனிதர்களிடம் நோய்த்தொற்றை எவ்வளவு கூட்டுகிறது என்பது இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் குறைந்த செறிவுள்ளதைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

எண் அச்சிடப்படாத நிலையில் வாங்குபவருக்கு இருக்கும் ஒரே வழி, உட்பொருள் பட்டியல். தண்ணீருக்கு அடுத்தபடியாகவே கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைகால் வந்தால் செறிவு அதிகம் என்று கொள்ளலாம். அவை இல்லாமல், ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் போன்ற கெட்டியாக்கிகளைக் கொண்டு செய்தவை பொதுவாக மென்மையானவை. சிலிக்கான் ஜெல்லில் நீரே கிடையாது, ஆகவே இந்தப் பிரச்சினையும் கிடையாது. ஆணுறைக்கும் அது ஒத்துப்போகும்.

நானாக்ஸினால்-9 என்ற விந்துக்கொல்லி சேர்த்த ஜெல்லையும் ஆணுறையையும் தவிர்க்க வேண்டும். எச்ஐவியைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்குத் தொற்று அதிகமானதே தெரியவந்தது. மேல்தோலை அது அரிப்பதே காரணம்.

இனி, தமிழ் வீடுகளில் ஜெல்லுக்கு முன்பே இருந்த தேங்காய் எண்ணெய். தோலுக்கு அதனால் பெரிய கேடு இல்லை. லேடெக்ஸ் ஆணுறையோடு சேர்ந்தால் கேடு உண்டு. தாது எண்ணெய் பட்ட லேடெக்ஸ் ஆணுறை ஒரே நிமிடத்தில் தன் வலிமையில் சுமார் 90 சதவீதத்தை இழந்ததை 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. பேபி ஆயில், வாசலின், நெய் எல்லாமே இந்த விஷயத்தில் ஒரே கட்சி. கண்ணுக்கு ஓட்டை தெரியாது, அதுதான் ஆபத்து. கருத்தடையாக ஆணுறையை நம்பியிருக்கும் தம்பதி எண்ணெய்ப் பக்கம் போகக் கூடாது.

அதிர்வுக் கருவிகளின் கதை வேறு. பாலுறவுக் கருவிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 3533 என்ற சர்வதேசத் தரம் 2021இல் வந்தது. அதற்கு உட்பட வேண்டும் என்ற கட்டாயம் தயாரிப்பாளருக்கு இல்லை. இந்தியாவில் ஆபாசப் பொருள் சட்டத்தின் நிழலில் இவை ‘மசாஜர்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. தோள்வலிக்கு என்று விற்றதை உடலுக்குள் பயன்படுத்தியதற்குத் தன்மீது பழி இல்லை என்று விற்பவர் கைகழுவ அந்தப் பெயரே போதும். மெத்தென்ற மலிவு பிளாஸ்டிக்கில் தாலேட் என்ற மென்மையாக்கி இருக்கலாம். நெடி அடித்தால், கையில் பிசுபிசுத்தால் வாங்காமல் விடுவதே நல்லது. நுண்துளை இல்லாத சிலிக்கான், கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றைச் சோப்பும் வெந்நீரும் போட்டு முழுமையாகச் சுத்தம் செய்ய முடியும்.

வாசகர்கள் கேட்கும் மற்றவற்றுக்குச் சுருக்கமான பதில்களே போதும். சிலிக்கான் கருவிக்குச் சிலிக்கான் ஜெல் பூசினால் அதன் மேற்பரப்பு கெடக்கூடும், நீர் சார்ந்த ஜெல்லே சரி. ஆசனவாயில் பயன்படுத்தியதைக் கழுவாமல் யோனியில் பயன்படுத்தக் கூடாது. அடிப்பகுதி அகலமாக இல்லாத எதையும் ஆசனவாயில் செலுத்தக் கூடாது. உள்ளே போய்விட்டால் அறுவைச் சிகிச்சை வரை போகும். ஆணுறுப்பில் மாட்டும் வளையத்துக்கு அரை மணி நேரமே எல்லை. விந்து முந்துவதைத் தாமதப்படுத்தும் ஸ்பிரேயில் இருப்பது மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் போன்ற மருந்து. துடைக்காவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் சாதாரண ஜெல்லைத் தவிர்க்கலாம், ஆய்வகச் சோதனைகளில் பல ஜெல்கள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைத்திருக்கின்றன.

எரிச்சல் ஓரிரு நாளில் அடங்காவிட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் கசிந்தாலோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு துளி ரத்தம் தென்பட்டாலோ ஜெல்லை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாமல் மகளிர் நல மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.