பாட்வா பரிசாக ‘எடர்னிட்டி’ மோதிரம்: வாங்குமுன் விரலையும் ரசீதையும் பாருங்கள்

நம் தீபாவளி கழிந்த ஓரிரு நாளில் மராட்டியருக்குப் ‘பாட்வா’ வருகிறது. பலிப் பிரதிபதை என்று பஞ்சாங்கத்தில் இருக்கும் அந்த நாளில் மனைவி கணவனுக்கு ஆரத்தி எடுப்பாள். கணவன் தட்டில் ஏதேனும் பரிசு வைக்க வேண்டும். அதற்கு ‘ஓவாளணி’ என்று பெயர். புடவையும் வைக்கலாம், வெள்ளிக் காசும் வைக்கலாம். வசதி உள்ளவர்கள் தங்கம் வைக்கிறார்கள். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் மராட்டியக் குடும்பங்களோடு ஒரே மாடிப்படியைப் பகிர்ந்துகொண்டு வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பழக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்குமா? பக்கத்து வீட்டுத் தட்டில் விழுந்தது என்ன என்பது சமையற்கட்டுக்குத் தெரியாமல் போவதில்லை.

போனஸ் கையில் வந்த சூட்டோடு லட்சுமி ரோடில் சோன்யா மாருதி சவுக் பக்கம் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, சுற்றிலும் ஒரே அளவுப் பொடி வைரங்கள் பதித்த மெல்லிய மோதிரம். ‘எடர்னிட்டி ரிங்’ என்பார் விற்பனையாளர். தமிழில் நித்திய மோதிரம் என்று சொல்லிக்கொள்ளலாம். முதலும் முடிவும் இல்லாத வட்டம். அதில் இடைவெளி இல்லாமல் கற்கள். முடிவில்லாத அன்பு என்று அதற்குப் பொருள். மேல்நாடுகளில் இதைப் பெரும்பாலும் திருமணத்தன்று போடுவதில்லை. கல்யாணம் ஆகிச் சில காலம் கழித்து, திருமண நாளிலோ குழந்தை பிறந்தபோதோ கணவன் மனைவிக்குக் கொடுப்பது வழக்கம். பாட்வாவுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு ஏது என்று தோன்றுவது இயல்புதான்.

இந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை உண்டு. சைபீரியாவில் மிர் என்ற வைரச் சுரங்கம் 1955இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து வந்தவற்றில் பெரும்பகுதி பொடிக் கற்கள். அப்போது உலக வைர வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த டி பியர்ஸ் நிறுவனத்துக்கு அவற்றை விற்றாக வேண்டிய நிலை. பெரிய ஒற்றைக் கல்தான் காதலின் அடையாளம் என்று அதுவரை ஜனங்களுக்குச் சொல்லி வந்தவர்களும் அவர்களே. ஆகவே 1960களில், கல்யாணமாகி நாளாகிவிட்ட பெண்களுக்கென்று, இருபத்தைந்து பொடிக் கற்கள் வரை பதித்த மோதிரத்தை விளம்பரப்படுத்தினார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்வர்ட் ஜே எப்ஸ்டீன் 1982இல் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதினார். கல் சிறுத்தது, அர்த்தம் பெருத்தது! அதனால் மோதிரம் மட்டமாகிவிடாது. கொடுப்பவர் மனம்தான் அதற்கு அர்த்தம். ஆனால் கல்லின் விலையையும் அர்த்தத்தின் விலையையும் கடைக்காரர் ஒன்றாகக் கூட்டிச் சொல்லும்போது, வாங்குகிறவர் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

<b>விரல் ஊதினால்?</b>

நம் மெட்டியைக் கவனித்தால் ஒன்று தெரியும். பெரும்பாலான மெட்டிகளில் வட்டம் மூடியிருக்காது. கால் விரலுக்குத் தக்கபடி அழுத்தலாம், அகட்டலாம். மராட்டியப் பெண்கள் அணியும் ‘ஜோட்வி’யிலும் இந்த வசதி உண்டு. பிள்ளைப்பேற்றிலும் வயதிலும் உடம்பு மாறும் என்று தெரிந்தவர்கள் செய்து வைத்த ஏற்பாடு அது. முழு வட்ட எடர்னிட்டி மோதிரத்திலோ சுற்றிலும் கல் இருப்பதால் அறுத்துப் பெரிதாக்க இடமே இல்லை. சாதாரண மோதிரமாக இருந்தால் பத்தர் அடிப்பக்கத்தை வெட்டி ஒட்டுத் தங்கம் வைத்துவிடுவார். இங்கே வெட்டினால் கற்களின் வரிசையே குலைந்துவிடும். பல சமயம் புது மோதிரம் செய்வதே வழி.

ஆகையால் பின்பக்கம் வெறும் தங்கமாக உள்ள அரை வட்ட மோதிரம்தான் சம்பளக்காரர் குடும்பத்துக்கு உகந்தது. கையை விரித்து மேலே காட்டும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. செலவுக் கணக்கோ தலைகீழாக மாறுகிறது. இந்திய அளவில் 12ஆம் எண் மோதிரத்தின் உள்சுற்று ஏறத்தாழ 52 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் வட்டக் கல் ஒன்று சுமார் 3 சென்ட். முழு வட்டத்துக்கு 25 கல் வேண்டியிருந்தால் 75 சென்ட். அரை வட்டத்துக்கு 12 அல்லது 13 கல் போதும்.

அளவைச் சாயங்காலத்தில் எடுப்பது நல்லது. காலையிலும் குளிரிலும் விரல் சற்று மெலிந்திருக்கும். மனைவிக்குத் தெரியாமல் வாங்க நினைப்பவர்கள் அவர் அதே விரலில் போடும் பழைய மோதிரத்தை எடுத்துச் செல்லலாம். நூலைச் சுற்றி அளந்துகொண்டு போவது நம்பத்தக்கதல்ல. மாதமாக இருக்கும் பெண்ணுக்கு அளவெடுப்பதைத் தள்ளிப்போட வேண்டும்.

<b>கணக்கு</b>

‘முக்கால் காரட் வைரம்’ என்று சீட்டில் எழுதியிருந்தால், அது எல்லாக் கற்களையும் சேர்த்த எடை. முக்கால் காரட்டில் ஒற்றைக் கல் வாங்கினால் விலை பல மடங்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஆக 75 சென்ட் கல் 150 மில்லிகிராம்தான். மொத்தம் 4 கிராம் மோதிரத்தில் தங்கம் 3.85 கிராம். இந்த நிகர எடைக்குத்தான் தங்க விலை போட வேண்டும். அமெரிக்கன் டயமண்ட் என்று விற்கும் செயற்கைக் கல்லாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதே அளவுள்ள அந்தக் கல் வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. கல் எடையைக் கழிக்காமல் தூக்கினால், கல்லைத் தங்க விலைக்கு வாங்கியதாகிவிடும்.

வைரம் பதிக்க 18 காரட் தங்கமே வழக்கம். 22 காரட் மென்மையானது. பொடிக் கல்லைப் பிடிக்கும் மெல்லிய கால்கள் சீக்கிரம் வளைந்துவிடும். 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்து 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றபோது முகம் சுளித்த தலைமுறைக்கு 18 காரட் என்பது ஏமாற்றாகத் தோன்றலாம். இங்கே அது தேவை கருதிய கலப்பு. விலைதான் 18 காரட் விலையாக இருக்க வேண்டும்.

ஹால்மார்க் முத்திரையில் பி.ஐ.எஸ். சின்னம், 18கே750 போன்ற தூய்மைக் குறி, ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் ஆகிய மூன்றும் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. மெல்லிய எடர்னிட்டி மோதிரங்கள் பல அந்த எடைக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட மோதிரத்துக்கு ரசீதுதான் ஒரே சாட்சி.

கடைப் பேச்சில் சில சொற்கள் தெரிந்தால் பாதித் தொல்லை தீரும். ‘கடணாவள்’ என்றால் செய்கூலி. பழைய நகையைக் கொடுத்து மாற்றுவது ‘மோட்’. ரசீது ‘பாவ்தி’. ‘தோளா’ என்று விலை சொன்னால் இப்போது 10 கிராம் என்று கொள்ள வேண்டும்; பழைய தோளா 11.66 கிராம். நம் பவுன் 8 கிராம். ரசீதில் மொத்த எடை, நிகர எடை, காரட், கற்களின் எண்ணிக்கையும் எடையும், கடணாவள், திருப்பிக் கொடுத்தால் தங்கத்துக்கும் கல்லுக்கும் தனித்தனியே என்ன தருவார்கள் என்பது ஆகிய எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும். வாய்ப் பேச்சு அடுத்த பாட்வா வரை தாங்காது.

எழுதி வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளியூரில் பிழைக்க வந்தவருக்கு நகைதான் ஆபத்துக்கு உதவும் பாங்கி. ஊரில் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தால், அடகு வைத்துத்தான் ரயில் ஏற வேண்டியிருக்கும். அடகில் நிகரத் தங்கத்துக்கே கடன் கிடைக்கும். கல்லைக் கழித்துவிடுவார்கள், வைரமும் ஒன்றுதான், திருச்சிப் பக்கத்தில் பட்டை தீட்டிய செயற்கைக் கல்லும் ஒன்றுதான். கையில் இருப்பது அந்த ஒரு சேமிப்புத்தான் என்றால், அதைக் கல்லாக மாற்றுவது சரியல்ல. அப்படிப்பட்டவர்கள் வெள்ளியில் செயற்கைக் கல் பதித்த எடர்னிட்டி மோதிரம் வாங்கி ஆசையைத் தீர்த்துக்கொண்டு, பாக்கிப் பணத்தில் கல் இல்லாத 22 காரட் வளையமோ காசோ வாங்கலாம். தட்டில் இரண்டையும் சேர்த்தே வைக்கலாமே! ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமும் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அது அசல் கரிமந்தான், போலியல்ல. ஆனால் அதன் விலை சில ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அணிய வாங்கலாம், சேர்த்து வைக்க அல்ல.

<b>உதிரும் கல்</b>

ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவுக்கு 1954இல் பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ போட்டது பிளாட்டினத்தில் செய்த எடர்னிட்டி மோதிரம். கல்யாணம் ஒன்பது மாதத்தில் முறிந்தது. 1999இல் நியூயார்க்கில் அந்த மோதிரம் 7,72,500 டாலருக்கு ஏலம் போனபோது 36 கற்களில் ஒன்றைக் காணோம். நட்சத்திரத்தின் மோதிரத்துக்கே அந்தக் கதி என்றால், தினமும் மாவு பிசைந்து பாத்திரம் துலக்கும் கை மோதிரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கால்கள் வைத்துப் பிடித்த கட்டடம் பளபளக்கும். ஆனால் துணியில் மாட்டும். இரு பக்கமும் தங்கக் கரை கட்டி நடுவில் கற்களை இறக்கிய கட்டடம் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் நீடிக்கும். பிம்ப்ரி, சின்ச்வட் பட்டறைகளில் லேத்திலும் பிரஸ்ஸிலும் வேலை செய்கிறவர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், எந்த மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டே இயந்திரத்தின் அருகே போக வேண்டும். சுழலும் இரும்பில் மோதிரம் சிக்கினால் விரலே போய்விடும்.

ஆண்டுக்கு ஒரு முறை கடையில் கொடுத்துக் கால்களை இறுக்கச் சொல்லலாம். இடையில் வீட்டிலும் சோதிக்கலாம்: மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் மெல்லத் தட்டினால் சத்தம் வரக் கூடாது. ‘கிட்கிட்’ என்று லேசாகக் கேட்டால் ஒரு கல் ஆடுகிறது என்று பொருள். அதை அன்றே கழற்றிக் காகிதத்தில் மடித்து, ரசீதோடு கடைக்கு எடுத்துப் போக வேண்டும்.