கூடைக்காரியின் ஊசி

கைவேலை – 9

என் ஆயாவின் வலது முன்கையில் ஒரு தேள் இருந்தது. சோற்றைப் பிசைந்து எங்களுக்கு உருண்டை உருட்டிக் கொடுக்கும்போது அந்தத் தேளும் கூடவே நெளியும். கொட்டிவிடுமோ என்று பயந்து, நான் கையை எட்ட நீட்டித்தான் உருண்டையை வாங்குவேனாம். தேளுக்குப் பக்கத்தில், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் பின்னிப் பின்னி ஓடும் ஒரு கோலம். புறங்கையில் ஐந்து புள்ளி. மோவாயில் ஒன்று.

யார் குத்தியது என்று ஒருமுறை கேட்டேன்.

“கூடைக்காரிதான். மொறம் வாங்கலாம்னு வெளிய வந்தேன். மொறத்துக்குக் கம்பு அளந்து போட்டாச்சு. ‘கைய நீட்டு பாப்பா, வெறுங்கையா கெடக்கே’ன்னா. நீட்டிட்டேன். மூணு நாளு கை வீங்கிப்போயி களை எடுக்கப் போவல.”

பச்சை குத்துகிறவள் என்று ஆயா சொல்லவில்லை, கூடைக்காரி என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரக் கட்டுரை நடக்கப் போகிறது.

போன வாரம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளைப் பார்த்தோம். அவர்களுடைய வேலைக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளிக்குப் பெயர் உண்டு, மரத்துக்குப் பெயர் உண்டு, இன்ன ஊர்ச் சிற்பம் என்று சொல்லி விற்கவும் முடியும். அதே வட்டாரத்தில், கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில், இதைவிடப் பழைய ஒரு வரைகலை இருக்கிறது. அதைச் சுமந்திருப்பவர்கள் எழுபது, எண்பது வயதுப் பெண்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மண்வெட்டி பிடித்திருக்கும் கைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

பச்சை குத்திய பெண்களில் பெரும்பாலோர் குறவர் சமூகத்தவர். ஊசி பாசி விற்கும் நரிக்குறவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்வது நம் பத்திரிகைகளின் பழைய வழக்கம். நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023 ஜனவரியில். குறவர் வேறு மக்கள், அவர்கள் கதையும் வேறு.

இந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கு எட்கர் தர்ஸ்டனின் குறிப்பு இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர், தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். மனிதர்களின் மூக்கை அளந்து தரம் பிரித்த அவருடைய ‘அறிவியல்’ எனக்கு ஒவ்வாது. ஆனால் கண்ணால் கண்டதை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. நமக்கு அது இல்லாமல் போனதால் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அந்தத் திரியை ஏற்றிப் புதுச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துவிட்டால், சட்டியின் உட்புறம் கரி படியும். அதைச் சுரண்டி எடுத்துத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. மழுங்கிய குச்சியால் முதலில் படத்தை வரைந்துகொண்டு, பிறகு அந்தக் கோட்டின் மேலேயே ஊசியால் குத்திக்கொண்டு போவார்கள். கிராமத்தில் கூலி அரிசி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. பட்டணத்தில் ஒரு புள்ளிக்குக் காலணா, சிக்கலான படம் என்றால் பன்னிரண்டு அணா வரை.

எல்லாமே கைக்கு எட்டும் பொருள்கள். அகத்தி வேலியோரத்தில், மஞ்சள் அடுக்களையில், ஆமணக்கு வரப்பில். தாய்ப்பாலைக்கூட அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கையில் கொண்டுவர வேண்டியது ஊசியும், தலைக்குள் இருக்கும் படங்களும் மட்டும்தான். படங்களுக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. மாமியார் கையில் இருப்பதைப் பார்த்து மருமகள் கேட்பாள்: “அதே மாதிரி தேரு போடு.” ஊரில் உள்ள கைகள்தாம் அவர்களுடைய மாதிரிப் புத்தகம்.

கரி கறுப்புத்தானே, பிறகு ஏன் பச்சை? மேல்தோலுக்கு அடியில் தங்கிய கரியைத் தோலின் வழியாக நாம் பார்க்கிறோம். ஒளி சிதறி வருவதால் கறுப்பு நமக்கு நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. அழியாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. உடம்பின் காவல் உயிரணுக்கள் மைத்துகளை அந்நியர் என்று விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்த உயிரணு செத்ததும் துகள் வெளியே விழ, அடுத்தது வந்து விழுங்குகிறது. எலிகளை வைத்து இதைக் காட்டியவர்கள் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள், 2018இல். ஆயாவின் தேளை ஐம்பது ஆண்டுகளாக அவளுடைய இரத்தமே கை மாற்றிக் கை மாற்றிக் காப்பாற்றி வந்திருக்கிறது.

இனிக் கூடைக்கு வருவோம்.

குறவர் பெண் தெருவுக்குள் நுழையும்போது தலையில் கூடையும் முறமும், இடுப்பில் பிள்ளை, மடியில் ஊசி. கூடை விற்பாள், குறி சொல்வாள், கேட்டால் பச்சை குத்துவாள். இலக்கியம் அவளிடம் எடுத்துக்கொண்டது குறியை மட்டும். குற்றாலக் குறவஞ்சியின் சிங்கி குறி சொல்லித்தான் புகழ்பெற்றாள். வீட்டுக்காரிக்கு எல்லாமே ஒரே வியாபாரம். முறம் பேரம் பேசும்போது கை நீளும், கை நீண்டால் ரேகை தெரியும், ரேகை பார்த்த கையில் ஒரு புள்ளி குத்த எவ்வளவு நேரம்? வலி தெரியாமலிருக்க அவள் பேசிக்கொண்டே இருப்பாள், அந்தப் பேச்சிலேயே பாதிக் குறி முடிந்துவிடும்.

இன்றைய மொழியில் சொன்னால் இவற்றில் எது தொழில், எது பக்கத் தொழில்? நானும் வெகுநாள் பச்சைதான் கலை, கூடை வயிற்றுப்பாடு என்று நினைத்திருந்தேன். மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வைப் படித்தபோது அது தலைகீழானது. 2001இல் வெளிவந்த புத்தகம், பிரிட்டிஷ் ஆட்சி குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய மக்களைப் பற்றியது. அதன்படி குறவர்களின் பெரிய தொழில் உப்பு. கடலோரத்து உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றினார்கள். உப்புக்குறவர் என்ற பெயரே இதனால் வந்ததுதான். கூடையும் பச்சையும் குறியும் அந்த உப்புத்தடத்தில் பெண்கள் செய்த வேலைகள்.

1856இல் ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அடுத்த சில பத்தாண்டுகளில் உப்பு ரயிலேறிப் போனது. உப்புக்கு அரசு போட்ட வரியும் கட்டுப்பாடும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. காட்டுச் சட்டங்கள் மூங்கிலையும் ஈச்சையையும் அதிகாரியின் அனுமதிக்குக் கீழே கொண்டுபோயின. 1911இல் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நடந்து பிழைத்தவர்கள் பெயர் கொடுக்க வேண்டும், காவல் நிலையத்தில் தலைகாட்ட வேண்டும், ஊரைவிட்டு நகர்ந்தால் சொல்லிவிட்டு நகர வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947 வரை இந்தக் கொடுமை இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இதே பிரிட்டிஷ் ஆட்சிதான் அதற்கு முன், கும்பினிக் காலத்தில், தானே பச்சை குத்திக்கொண்டிருந்தது. வங்காளத்திலும் சென்னையிலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தின் பெயரைக் குத்தும் தண்டனை 1849 வரை நடப்பில் இருந்தது. அரசு ஊசியை எடுத்தால் நீதி; குறவர் பெண் எடுத்தால் சந்தேகம்.

இனி நம் வட்டாரம். அந்தச் சட்டங்கள் வந்த காலத்தில் கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரத்தோடு போய், 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது. மேற்கே நிற்கும் கல்வராயன் மலையின் கதை தனி. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை அது. 1976இல்தான் அரசு அதை முழுதாக எடுத்துக்கொண்டது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை இடப்பக்கமோ வலப்பக்கமோ விட்டுவிட்டு (நான் எப்போதும் பேருந்தில் தூங்கிவிடுவேன்) வளைந்து ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. கடுக்காய், புளி, தேன், சாமை என்று மலையாளிப் பழங்குடியினர் கீழே இறங்கி விற்றார்கள். கூடை முடைகிறவளுக்கு மலை என்பது மூங்கில். அடிவாரத்துச் சந்தை என்பது மலையும் சமவெளியும் கை நீட்டிக்கொள்ளும் இடம்.

பிறகு பிளாஸ்டிக் கூடை வந்தது. தகர முறம் வந்தது. களத்தில் தூற்றுகிற வேலையே அறுவடை இயந்திரத்துக்குப் போனது. கூடைக்காரி தெருவுக்கு வரக் காரணம் போய்விட்டது. கூடையே இல்லாமல் ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருத்தி ஊர் ஊராக நடக்க முடியாது. அதற்கான வரும்படி அந்த ஊசியில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நாகரிகம் மாறியது, படித்த பெண்கள் வெட்கப்பட்டார்கள், 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு பொது ஊசி என்றாலே ஊர் பயந்தது – இவையெல்லாம் உண்மைதான். ஆனாலும் என் கணக்கில் பச்சையைக் கொன்றது பிளாஸ்டிக் கூடை.

ஆண்கள் கதை வேறு தடத்தில் போனது. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்கள் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்குள்ளேயே கோவை செழியன் போன்றவர்கள் அதை எதிர்த்தார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் கையை நீட்டினார்கள். அந்தக் கைகளில் சில இப்போதும் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடி வாசலில் தெரியும்.

இன்று கள்ளக்குறிச்சி மாதிரி ஊரில் டாட்டூ கடை வைத்திருக்கும் இளைஞரிடம் போய் உட்கார்ந்தால் அதே பழைய கணக்குத்தான். டாட்டூவை மட்டும் நம்பிக் கடை வாடகை கட்ட முடியாது. வண்டிக்கு ஸ்டிக்கர், கல்யாணத்துக்கு மெஹந்தி, பள்ளிச் சுவரில் ஓவியம், திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் என்று நாலு வேலை சேர்ந்தால்தான் ஊசி ஓடும். அந்த ஊசியின் பூர்வீகமும் ஒரு பக்கத் தொழில்தான். 1875இல் எடிசன் கடிதங்களை நகலெடுக்க ஒரு மின்பேனா செய்தார். தாளில் நுண்ணிய துளைகள் போடும் கருவி; அந்தத் துளைகள் வழியாக மை இறங்கும். அது நெடுநாள் நிலைக்கவில்லை. நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரைலி என்பவர் அந்த யோசனையைத் தோலுக்குத் திருப்பி 1891இல் காப்புரிமை வாங்கினார்.

கடைச் சுவரில் சிங்கம், சிவன், காதலி பெயர், புலம்பல் வாசகம் எல்லாம் இருக்கும், தேள் இருக்காது, தேர் இருக்காது. பட்டாளத்துக்குப் போக ஆசைப்படும் பையன்களுக்கு இன்னொரு தொல்லை. ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சைக்கு அனுமதி. பழங்குடியினருக்கு மரபின் பேரில் விலக்கு உண்டு. புஜத்தில் புலி போட்டுக்கொண்டு பிறகு அழிக்க அலைகிறவர்கள், போடுமுன் யாரையாவது கேட்டிருக்கலாம்.

ஆயாவின் அந்தப் பின்னல் கோலத்துக்கு வருகிறேன். ஜான் லேயார்ட் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1937இல், தென்னிந்தியாவின் வாசல் கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வழி தப்பவைக்கும் கோட்டை போன்ற பின்னல்கள் இரண்டிலும் இருப்பதைக் கண்டு, பசிபிக் தீவான மலேகுலாவின் சாவுச்சடங்கு வரைபடங்களோடு ஒப்பிட்டார். அவருடைய முடிவுகளெல்லாம் எனக்குச் சம்மதமில்லை. ஒன்று மட்டும் மனத்தில் நின்றது: வாசலில் போட்டது மதியத்துக்குள் மிதிபட்டு அழியும், கையில் போட்டது கூடவே வரும். “செத்தா கூட வர்றது இதுதான், நகையா வரப்போவுது?” என்று ஆயா சொன்னதும் இதைத்தான்.

கையோடு கோலமும் போய்விடாமலிருக்க பீகாரில் ஒரு வழி கண்டார்கள். மிதிலையின் ஜித்வார்பூரில் துசாத் சமூகத்துப் பெண் சானோ தேவி, கையில் குத்தும் கோத்னா உருவங்களை 1970களில் காகிதத்துக்கு மாற்றினார். ஜெர்மானிய மானிடவியலாளர் எரிகா மோசர் அந்தப் பெண்களைத் தூண்டிவிட்டதாகச் சொல்வார்கள். மேல்சாதிப் பெண்கள் மதுபனி ஓவியம் வரைந்து விற்றுக்கொண்டிருந்த ஊரில், தலித் பெண்கள் தங்கள் தோலில் இருந்ததையே எடுத்து வரைந்தார்கள். இன்று அது தனி ஓவிய மரபு, பெயரும் விலையும் உள்ள மரபு.

நம் பக்கத்தில் அப்படி நடக்கவில்லை. கள்ளக்குறிச்சி மரத்தை ஆவணப்படுத்தினோம், தோலை விட்டுவிட்டோம். ஆயாவின் கோலத்தை நானும் எடுத்துவைக்கவில்லை. பிறகு நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். நாலாவது வளைவில் கோடு முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பச்சை குத்திய பாட்டி இருந்தால் இந்த வாரமே போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள். யார் குத்தியது, எந்த ஊர்ச் சந்தை, கூலியாக என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கையை வெயிலில் வைத்து நேர் மேலே இருந்து படம் எடுங்கள். தோல் சுருங்கியிருந்தால் இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பிடியுங்கள், கிழவிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.